வானில் பிறக்கும் வாடை

வட அட்லாண்டிக் பெருங்கடலின் வடமேற்கு எல்லையில், ஆண்டு முழுவதும் பனிப்பாறைகளைச் சுமந்து கிடக்கும் பெருந்தீவு கிரீன்லாந்து. அங்கே 1770ஆம் ஆண்டு முதல் 1778ஆம் ஆண்டு வரை, ஹான்ஸ் எகெடே சாபி என்னும் சமயத் தொண்டர் ஒருவர் தங்கிப் பணி செய்தார். அவர் டென்மார்க்கைச் சேர்ந்தவர். தாய்நாட்டிலிருந்து கப்பல் வரும்போதெல்லாம் அங்குள்ள செய்திகளைக் கேட்டறிந்து, தம் நாட்குறிப்பில் எழுதி வைப்பது அவர் வழக்கம். அக்குறிப்பில் ஒரு புதுமையான செய்தி காணப்படுகிறது. டென்மார்க்கில் குளிர்காலம் கொடியதாக இருக்கும் ஆண்டில், கிரீன்லாந்தில் அஃது அந்நாட்டின் அளவிற்கு மென்மையாக இருக்கிறது. அங்கே மென்மையாக இருப்பின், இங்கே கொடுமை மிகுகிறது என்பதே அச்செய்தி.

இவ்விரு நாடுகளுக்கும் இடையே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு உண்டு. நடுவில் கடல் கிடக்கிறது. ஆயினும், நீர் இறைக்கும் ஏற்றமரத்தின் ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை உயர்வதைப்போல, இரண்டின் குளிரும் ஒன்றையொன்று எதிர்த்து ஏறி இறங்குவது எதனால்? ஏற்றத்திற்கு நடுவே ஒரு கால் நிற்குமன்றோ? இந்த ஏற்றத்தின் கால் எங்கே நிற்கிறது?

இவ்வினாவை எண்களைக் கொண்டு ஆராய்ந்தவருள் முதன்மையானவர் கில்பர்ட் வாக்கர் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர். அவர் 1904ஆம் ஆண்டு முதல் 1924ஆம் ஆண்டு வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்தார். பருவமழை பொய்க்கும் ஆண்டினை முன்னரே அறிய வழியுண்டா எனத் தேடுவதே அவர் மேற்கொண்ட பணி. அதற்காக உலகின் பல பகுதிகளிலிருந்தும் காற்றழுத்தக் கணக்குகளைத் திரட்டி ஒப்பிட்டபோது, வேறு சில உண்மைகளும் அவருக்குப் புலப்பட்டன. ஐஸ்லாந்துத் தீவினருகே காற்றழுத்தம் குறையும்போது, தெற்கே அசோர்ஸ் தீவுகளருகே அது மிகுகிறது; முன்னது மிகும்போது பின்னது குறைகிறது. இதற்கு ‘வட அட்லாண்டிக் அலைவு’ என்று அவர் பெயரிட்டார். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு மிகுந்திருந்தால், கடலின் இளஞ்சூட்டைச் சுமந்த மேலைக்காற்று ஐரோப்பாவிற்குள் விரைந்து புகுந்து அந்நாடுகளைக் காக்கும். வேறுபாடு குறைந்தால் மேலைக்காற்று தளரும்; சைபீரியக் குளிர் மேற்கு நோக்கிப் பரவும்; கிரீன்லாந்திலோ குளிர் தணியும். சாபி கண்ட ஏற்றம் இதுவே. ஆயினும், அதனை ஒரு குளிர்காலத்தில் ஒரு பக்கமாகவும் மற்றொரு குளிர்காலத்தில் மறுபக்கமாகவும் சாய்ப்பது எது என்பதை வாக்கர் கண்டாரில்லை. விடையின் ஒரு பகுதி, அந்நாளைய கருவிகள் எட்டாத உயரத்தில் இருந்தது.

நிலத்தை விட்டு மேலே செல்லச் செல்லக் குளிர் மிகும் என்பதை மலையேறுவோர் நன்கு அறிவர். ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் ஏறத்தாழ ஆறரை டிகிரி வெப்பம் குறையும். இவ்வாறே வானின் எல்லை வரையில் குளிர் வளர்ந்துகொண்டே போகும் என்று கற்றோரும் நம்பியிருந்தனர். பிரெஞ்சு அறிஞர் தெஸ்ரேன் தெ போர் என்பவர், பாரிஸ் நகருக்கு அண்மையில் இருந்த தம் ஆய்வுக்கூடத்திலிருந்து, வெப்பமானி பூட்டிய பலூன்களை இருநூற்றுக்கும் மேலாகப் பறக்கவிட்டார். ஏறத்தாழ 11 கிலோமீட்டர் உயரத்திற்கு மேல் வெப்பம் குறையாமல் நிற்பதாகவே அவை மீண்டும் மீண்டும் காட்டின. கதிரவனின் ஒளி பட்டுக் கருவி பொய்யுரைக்கிறதோ என்று ஐயுற்ற அவர், இரவிலும் பலூன்களை விட்டுப் பார்த்தார். அப்போதும் அதே விடை கிடைத்தது. 1902ஆம் ஆண்டு அவர் தம் முடிபை வெளியிட்டார். கீழே உள்ளது மேகமும் மழையும் புயலும் உலவும் அடிமண்டலம். அதற்கு மேலே இருப்பது அடுக்குமண்டலம். இவ்வடுக்குமண்டலத்தில் பரவியுள்ள ஓசோன் என்னும் வாயு, கதிரவனின் புறஊதாக் கதிர்களைத் தடுத்து உண்டு, அவ்விடத்தை வெப்பமாக வைத்திருக்கிறது.

இனி, வட துருவத்தின் குளிர்காலத்தை எண்ணிப் பார்ப்போம். துருவத்தில் ஆண்டின் பாதி இருள். கதிரவன் இல்லையேல் ஓசோனுக்கு உணவில்லை. ஆதலின் துருவத்தின் மேலுள்ள அடுக்குமண்டலம் பூச்சியத்திற்குக் கீழ் 80 டிகிரி அளவிற்குக் குளிர்ந்து போகிறது. தெற்கே ஒளி படும் பகுதியோ அவ்வளவு குளிர்வதில்லை. இவ்வேறுபாட்டினாலும் நிலவுலகின் சுழற்சியினாலும், மேற்கிலிருந்து கிழக்காகத் துருவத்தைச் சுற்றி ஒரு பெருங்காற்று ஓடத் தொடங்குகிறது. நிலத்திற்கு 30 கிலோமீட்டர் மேலே, சில குளிர்காலங்களில், அது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவுடன் சுழலும். இதனைத் துருவச்சுழல் என்பர். கடுங்குளிர்க் காற்றை உள்ளே அடைத்து வைத்திருக்கும் மதிலைப்போல அது நிற்கிறது. வேனிற்காலம் வந்து துருவத்தில் ஒளி பட்டதும் அச்சுழல் கலைந்து, கிழக்கிலிருந்து மெல்லிய காற்று வீசத் தொடங்கும்.

மேற்கிலிருந்து வரும் காற்றைக் கோடை என்றும், கிழக்கிலிருந்து வரும் காற்றைக் கொண்டல் என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும் நம் முன்னோர் பெயரிட்டனர். அப்பெயர்களால் சொல்லப் புகின், துருவ வானில் கடுங்குளிர்காலத்தில் கோடை வீசுகிறது. வேனிலில் கொண்டல் வீசுகிறது! பெயர்தான் நம்மை நகைக்க வைக்கிறதேயன்றி, இம்முறை ஆண்டுதோறும் மாறாமல் நிகழ்வது. ஆனால் சில ஆண்டுகளில், நடுக்குளிர்காலத்திலேயே, அக்கோடை திடீரென நின்று கொண்டலாக மாறிவிடுகிறது. நாம் காண வந்த செய்தி இதுதான்.

இதனை முதன்முதலில் கண்டவர் ஜெர்மானியராகிய ரிச்சர்டு ஷெர்ஹாக். பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் வானிலை ஆராய்ச்சியை நடத்திவந்தவர் அவர். 1952ஆம் ஆண்டின் முதல் இரு திங்கள்களில், பெர்லினிலிருந்து மேலே சென்ற பலூன்கள் வானொலி வழியே அனுப்பிய குறிப்புகள் அவரை வியப்பில் ஆழ்த்தின. 30 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு சில நாள்களில், வெப்பநிலை பல பத்து டிகிரிகள் ஏறியிருந்தது. அவ்வுயரத்தில் அதற்குமுன் எவரும் கண்டிராத ஏற்றம் அது. ‘வெடிப்பினைப் போன்ற வெப்ப உயர்வு’ என்று அவர் அதனை வருணித்தார். இன்று அதற்கு வழங்கும் பெயர் ‘அடுக்குமண்டலத் திடீர் வெப்பமடைவு’ என்பது. வெப்பம் என்றவுடன் நாம் உணரும் வெம்மையை நினைத்துவிடலாகாது. பூச்சியத்திற்குக் கீழ் 70 டிகிரியாக இருந்தது, பூச்சியத்திற்குக் கீழ் 20 அல்லது 30 டிகிரியாக மாறும், அவ்வளவே. மனிதர்க்கு அதுவும் உறைகுளிர்தான். ஆனால், பருவம் மாற எடுத்துக்கொள்ளும் பல திங்கள்களின் வேலையை இயற்கை ஒரே வாரத்தில் செய்து முடித்துவிடுகிறது என்பதே இதிலுள்ள விந்தை.

கதிரவனில் எழுந்த கொந்தளிப்பே இதற்குக் காரணமோ என்று தொடக்கத்தில் ஐயுற்றவர்களும் உண்டு. மேலே நடப்பதற்குக் காரணத்தை இன்னும் மேலேதானே தேடத் தோன்றும்! உண்மையில் காரணம் கீழே இருந்தது. நாம் நிற்கும் நிலத்தில் இருந்தது.

ஆற்றின் நடுவே ஒரு பாறை கிடந்தால், அதன்மேல் மோதும் நீர் அலையாக வளைந்து செல்வதைப் பார்த்திருக்கிறோம். அடிமண்டலத்தில் ஓடும் மேலைக்காற்றின் வழியில் இமயமும் திபெத்து மேட்டுநிலமும் கிடக்கின்றன. மறுபுறத்தில் அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடர் நிற்கிறது. இவற்றின்மேல் மோதும் காற்று பேரலைகளாக வளைகிறது. குளிர்ந்த நிலமும் வெம்மையான கடலும் அடுத்தடுத்து இருப்பதும் அவ்வலைகளை வளர்க்கிறது. நிலவுலகின் சுற்றளவில் ஓர் அலையோ இரண்டு அலைகளோ மட்டுமே அடங்கும். அத்துணைப் பெரியவை அவை. இத்தகைய மாபேரலைகள் மட்டுமே, அதுவும் மேலைக்காற்று வீசும் காலத்தில் மட்டுமே, அடுக்குமண்டலம் வரை ஏறிச் செல்ல இயலும் என்று சார்னி, டிராசின் என்னும் அறிஞர் இருவர் 1961ஆம் ஆண்டு கணக்கிட்டுக் காட்டினர். வேனிற்காலத்தில் இந்நிகழ்ச்சி ஏன் இல்லை என்பதற்கும் அதுவே விடையாயிற்று. மேலே செல்லச் செல்லக் காற்று மெலிவதால், அலையின் வீச்சு பெருகிக்கொண்டே போகிறது. கரையை அணுகும் கடலலை உயர்ந்து எழுந்து உடைவதைப்போல, இவ்வலைகளும் ஓர் உயரத்தில் உடைகின்றன. உடையும்போது அவை துருவச்சுழலை எதிர்த்துத் தள்ளுகின்றன. தள்ளுதல் பல நாள் தொடர்ந்தால், சுழல் தளர்ந்து, நின்று, எதிர்த்திசையில் திரும்பிவிடும்.

காற்று எதிர்ப்பட்டால் சுழல் நிற்கலாம். வெப்பம் எங்கிருந்து வந்தது? மிதிவண்டிச் சக்கரத்திற்குக் காற்றடித்திருப்போர், அடிக்கும் குழாயின் அடிப்பாகம் சூடாவதைத் தொட்டு உணர்ந்திருப்பர். காற்றை அழுத்தினால் அது வெப்பமடையும். சுழல் தளர்ந்ததும், உயரத்திலுள்ள காற்று துருவத்தை நோக்கி வந்து கீழிறங்குகிறது. இறங்க இறங்க அழுத்தம் மிகுகிறது. அழுத்தம் மிக மிக வெப்பம் ஏறுகிறது. துருவ இரவில் கதிரவனின் உதவியின்றியே சூடு பிறப்பது இவ்வாறுதான். இம்முழு நிகழ்ச்சியையும் கணிதத்தால் கோவைப்படுத்தி 1971ஆம் ஆண்டு விளக்கியவர் தாரோ மட்சுனோ என்னும் ஜப்பானிய அறிஞர்.

மலைகளே மூலகாரணம் என்பதற்குத் தென்துருவம் சான்று பகர்கிறது. தென்பாதி உலகில் கடலே மிகுதி. மேலைக்காற்றின் வழியில் இமயம் போன்ற பெருந்தடை ஏதுமில்லை. ஆதலின் அங்குள்ள துருவச்சுழல் பெரும்பாலும் குலைவதே இல்லை. வடக்கே பத்தாண்டுகளில் ஏறத்தாழ ஆறு முறை பெரிய வெப்பமடைவு நிகழ்கிறது. தெற்கிலோ, அளவீடு தொடங்கிய நாள்முதல் இத்தகைய பெரிய நிகழ்ச்சி 2002ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரே ஒருமுறைதான் காணப்பட்டது. அப்போது, அண்டார்க்டிகாவின் மேலிருந்த ஓசோன் துளையே இரண்டாகப் பிளந்தது. வடக்கிலும் இவை ஒழுங்காக வருவன அல்ல. 1989ஆம் ஆண்டு பிப்ரவரிக்குப் பின், 1998ஆம் ஆண்டு டிசம்பர் வரையில், ஒன்றேனும் நிகழவில்லை.

நிற்க. 30 கிலோமீட்டர் உயரத்திற்கு மேலே இருப்பது முழுக் காற்றுமண்டலத்தில் நூற்றில் ஒரு பங்கே. அந்த ஒரு பங்கில் நேரும் குழப்பம், கீழேயுள்ள தொண்ணூற்றொன்பது பங்கினை எவ்வாறு அசைக்கும்? யானையின்மேல் அமர்ந்த ஈ அதனைத் திருப்புவதைப்போல் அன்றோ இருக்கிறது? அறிஞர் பலர் இதனை நெடுங்காலம் நம்பவில்லை. 2001ஆம் ஆண்டு பால்டுவின், டங்கர்ட்டன் என்னும் இருவர், பல குளிர்காலங்களின் குறிப்புகளை அடுக்கிவைத்துப் பார்த்தனர். மேலே சுழல் தளர்ந்த நாளை முதல் நாளாகக் கொண்டு, ஒவ்வோர் உயரத்திலும் அடுத்தடுத்து என்ன நேர்ந்தது என்று நோக்கினர். தளர்ச்சி படிப்படியாகக் கீழிறங்கி, அடுக்குமண்டலத்தின் அடித்தளத்தை அடைந்து, அங்கேயே வாரக்கணக்கில் தங்குவதும், அதன்பின் ஏறத்தாழ இரு திங்கள் வரையில் தரைமட்டத்துக் காற்றழுத்தம் ஒரு பக்கமாகவே சாய்ந்திருப்பதும் தெளிவாயின. மேலே தளர்ச்சி ஏற்பட்டபின், அடுத்து வரும் அலைகள் முன்னைவிடத் தாழ்ந்த உயரத்திலேயே உடைகின்றன. அதனால் அங்கும் காற்று தளர்கிறது. இவ்வாறு தளர்ச்சியே தளர்ச்சிக்கு வழி செய்கிறது. ஈ யானையைத் தள்ளவில்லை. யானையின் வலிமையைக் கொண்டே அதனைத் திருப்பிவிடுகிறது எனலாம். அடுக்குமண்டலத்தின் அடியிலிருந்து தரைவரை இச்செய்தி எவ்வழியாகச் சேர்கிறது என்பதில் மட்டும் ஆராய்ச்சியாளரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

விரைந்து சுழலும் பம்பரம் நின்ற இடத்தில் அசையாது உறங்கும். விரைவு குறைந்ததும் தலையாட்டிக்கொண்டு இங்கும் அங்கும் அலையும். மேலே சுழல் வலிமையுடன் இருக்கும்வரை, அடிமண்டலத்தின் உச்சியில் ஓடும் தாரைக்காற்றும் நேரே விரைந்து ஓடி, வடக்கத்திய குளிரை வடக்கிலேயே நிறுத்துகிறது. சுழல் தளர்ந்தால், ஆர்க்டிக் பகுதியில் காற்றழுத்தம் ஏறுகிறது. தாரைக்காற்று தெற்கே தாழ்ந்து, பாம்பைப்போல் வளைந்து வளைந்து ஓடுகிறது. வளைவு தெற்கே தொங்கும் இடங்களில் வாடை இறங்கும். வடக்கே ஏறும் இடங்களில் இளஞ்சூடு புகும். ஐரோப்பாவின் வடபகுதியும் ஆசியாவின் வடபகுதியும் குளிரால் நடுங்கும்போது, கிரீன்லாந்தும் கனடாவின் கீழ்ப்பகுதியும் குளிர் தணிந்து இருப்பது இதனாலேயே. சாபியின் ஏற்றமரத்தைச் சாய்க்கும் கைகளில் ஒன்று வானில் இருக்கிறது.

2018ஆம் ஆண்டு நிகழ்ந்தது இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பிப்ரவரி 12ஆம் நாள், துருவச்சுழல் இரண்டாகப் பிளந்து, மேலே காற்று திசைமாறிற்று. அன்று ஐரோப்பாவின் தரையில் வாழ்ந்த மக்களுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆனால் வானிலை அறிஞர்கள் மேலே நோக்கியிருந்தனர். திங்களின் இறுதியில் கடுங்குளிர் வரக்கூடும் என்று எச்சரித்தனர். ஏறத்தாழ இரு வாரங்கள் கழித்துச் சைபீரியாவின் குளிர் கிழக்கிலிருந்து புகுந்தது. 26ஆம் நாள் ரோம் நகரம் வெண்பனியால் மூடப்பட்டது, பள்ளிகள் அடைக்கப்பட்டன. 28ஆம் நாள் ஸ்காட்லாந்திற்குப் பனிப்பொழிவு பற்றிய செந்நிற எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அயர்லாந்தில் மக்கள் முன்கூட்டியே கடைகளுக்கு விரைந்ததால், ரொட்டி வைத்திருந்த தட்டுகள் வெறுமையாயின. மார்ச்சு முதல் நாளன்று பிரிட்டனில் எரிவாயு போதாமற்போகலாம் என்ற அறிவிப்பும் வந்தது. ஏற்றமரத்தின் மறுமுனையைக் காண்போம். கிரீன்லாந்தின் வடகோடியிலுள்ள மாரிஸ் ஜெசப் முனையில், கதிரவன் இன்னும் உதிக்காத அதே பிப்ரவரித் திங்களில், வெப்பநிலை உறைநிலையைக் கடந்து 6 டிகிரி வரை உயர்ந்தது. அந்நாள்களில் உரோமாபுரியைவிடத் துருவத்தின் வாயில் வெம்மையாக இருந்தது என்று சொல்லும்படி ஆயிற்று.

ஆயினும், மேலே சுழல் குலைந்தால் கீழே குளிர் வந்தே தீரும் என்று கொள்ளுதல் தவறு. மூன்றில் இரண்டு முறையே அதன் விளைவு தரையில் தெளிவாகத் தெரிகிறது. 2019ஆம் ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில் பெரிய வெப்பமடைவு நேர்ந்தது, பிரிட்டனில் கடுங்குளிரை எதிர்பார்த்தனர், அது வரவில்லை. தளர்ச்சி கீழே வாராமல் மேலேயே நின்றுவிட்டது. அதற்கடுத்த குளிர்காலத்தில், சுழல் வழக்கத்தை விஞ்சிய வலிமையுடன் சுழன்றது. ஐரோப்பா அதற்குமுன் கண்டிராத மிதமான குளிர்காலம் அது. புத்தாண்டு விழாவிற்காக மாஸ்கோ நகரின் நடுவீதிக்குச் செயற்கைப் பனியைக் கொண்டுவந்து கொட்ட நேர்ந்தது!

இத்தகைய அறிவு மனித வாழ்விற்கு எத்துணைத் தேவையானது என்பதை 2021ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு ஜனவரி 5ஆம் நாள் வானில் சுழல் குலைந்தது. பிப்ரவரியின் நடுவில், அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள டெக்சாஸ் மாநிலத்தின்மேல் ஆர்க்டிக் குளிர் இறங்கியது. டல்லஸ் நகரில் 16ஆம் நாள் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழ் 19 டிகிரியாகத் தாழ்ந்தது. இவ்விரண்டிற்கும் தொடர்பு உண்டு என்பார் ஒரு சாரார். சுழல் குலைந்ததைவிட, பின்னர் அது ஒரு புறமாக நீண்டு இழுபட்டதே காரணம் என்பார் மற்றொரு சாரார். கீழேயுள்ள வானிலை ஒன்றே இதற்குப் போதும் என்பாரும் உளர். ஓராண்டின் ஒரு நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு காரணம் இன்னதே என்று அறுதியிடுவது எளிதன்று.

காரணம் எதுவாயினும், எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன. மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 40 லட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின. குளிரை ஓட்ட வழியின்றி, அடைத்த அறைகளில் கரியும் எரிபொறிகளும் கொளுத்தி, அவற்றின் நச்சுப்புகையால் மாண்டவரும் உண்டு. உயிரிழந்தோர் 240 பேருக்கு மேல் என்பது அம்மாநில அரசின் கணக்கு. அதே மாநிலத்தில் 2011ஆம் ஆண்டிலும் குளிரால் மின்நிலையங்கள் முடங்கியதுண்டு. இயந்திரங்களுக்குக் குளிர்காப்புச் செய்தல் வேண்டும் என்று ஆய்வாளர் அப்பொழுதே எழுதி வைத்தனர். பல நிலையங்கள் அதனைச் செய்யவில்லை. 2021ஆம் ஆண்டின் துயரத்திற்குப் பிறகே, அதனைச் செய்தாக வேண்டும் என்று அங்கே சட்டம் இயற்றப்பட்டது.